தொழில் ரகசியம் திருடும் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தடை: சட்டம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு பட்டறை. காற்றாலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதும், பழைய மின் அட்டைகளுக்கு மாற்று அட்டை செய்து கொடுப்பதும் அங்கே தொழில். உரிமையாளர் வயதில் மூத்தவர். ஊருக்கே அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி வெளிநாட்டிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், போனார்கள். ஆர்டர் வரவில்லை. எட்டு மாதம் கழித்து அண்ணாச்சியின் அட்டை வேறொரு பெயரில், பாதி விலையில் வந்து இறங்கியது.

இரண்டு அட்டைகளையும் என் முன்னால் மேசையில் வைத்தார். இடது மூலையில் எதற்கும் பயன்படாத ஒரு துளை. முதல் மாதிரி செய்யும்போது தவறுதலாக விழுந்தது. மாற்றினால் செலவு என்று அப்படியே விட்டிருந்தார். வந்திறங்கிய அட்டையிலும் அந்தத் துளை அதே இடத்தில் இருந்தது.

"அமெரிக்காக்காரன் இப்படித் திருடுத கம்பெனி மேல தடை போடுதாம்லா. நம்மாளுக போட மாட்டாகளா தம்பி?"

நான் பாளையங்கோட்டையில் வழக்கறிஞர். அப்படி ஒரு தடைச் சட்டம் வேண்டும் என்று அரசுக்கு மனுக் கொடுப்பது எப்படி? அன்றைக்கு அவரிடம் அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சிறுதொழில் சங்கங்களில் இருப்பவர்கள், கங்கைகொண்டான் சிப்காட்டிலும் தென்காசிப் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அண்ணாச்சி விஷயத்தில் வந்தவர்களுக்குப் பின்னால் எந்த அரசாவது இருந்ததா என்பது தெரியாது. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது இரண்டாம் படியில் புரியும்.

தொடங்கும் முன்: மகேந்திரகிரி

தடை (ஒரு நிறுவனத்துக்கு வணிகம், பணம், பயணம் என்று வழிகளை ஒரு அரசு அடைப்பது) என்றால் டெல்லியிலோ வாஷிங்டனிலோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். பணகுடியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைத் திடல் இருக்கிறது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினையும் அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் ரஷ்யாவிடம் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டிருந்தது. 1992 மே மாதம் அமெரிக்கா இஸ்ரோ மீதும், விற்க வந்த ரஷ்ய நிறுவனமான கிளாவ்காஸ்மாஸ் மீதும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுகிறது என்று காரணம் சொன்னது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்து எஞ்சின்களை மட்டும் தந்தது. நாமே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5ஆம் தேதி.

ஆக, தடை நம்மை இருபது வருடம் இழுத்தடித்தது. ஆனால் நிறுத்தவில்லை, சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டோம். தடை கேட்டு மனு எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு நாம் போடும் தடையும் எதிராளிக்கு இதையேதான் செய்யும். பொருள் கொடுக்காமல் நிறுத்துகிற தடை அவனை மெதுவாக்கும். சந்தையை அடைக்கிற தடைதான் அவன் லாபத்தைத் தொடும்.

படி 1: உங்கள் ரகசியம் ரகசியம்தானா?

அண்ணாச்சியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த டிராயிங் யார் யாரிடம் இருக்கிறது?" அவர் சிரித்தார். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருந்தது. அச்சுப் போட்டுக் கொடுப்பவரிடம் வாட்ஸ்அப்பில் ஒன்று. வேலையை விட்டுப் போன இரண்டு பையன்களின் போனிலும் இருக்கலாம்.

இங்கேயே பாதி வழக்கு தோற்றுவிடும். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸ், 39ஆம் பிரிவு, மூன்று சோதனை வைக்கிறது. தகவல் பொதுவில் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதைக் காக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றாவதில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நூல் மாதிரிக் கிழித்து நெய்கிற வேலை. அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் குறியீட்டைப் பெற, எங்கே எப்படிச் செய்கிறோம் என்று ஊரறியப் பதிவு செய்ய வேண்டும். அது ரகசியத்துக்கு நேர் எதிரான பாதுகாப்பு. காப்புரிமையும் அப்படித்தான், வெளியே சொன்னால்தான் உரிமை. அண்ணாச்சி எந்தப் பாதுகாப்பை வேண்டுகிறார் என்று முடிவு செய்யாமல் எந்தச் சட்டமும் அவருக்கு உதவாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. எது ரகசியம் என்று ஒரு பதிவேட்டில் எழுதித் தேதி போடுங்கள். டிராயிங்கில் 'ரகசியம்' என்று முத்திரை குத்துங்கள். வேலைக்காரர்களிடமும் அச்சுக்காரரிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். "வேலையை விட்ட பிறகு இதே தொழில் செய்யக் கூடாது" என்று மட்டும் எழுத வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27, அதைச் செல்லாததாக்கிவிடும். பார்வையாளர்களின் போனை வாசலிலேயே வாங்கி வையுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமே என்றார் அண்ணாச்சி. இருக்கட்டும்.

அப்புறம், அந்தத் துளை. தவறுதலாக விழுந்தது அவருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. நீங்கள் வேண்டுமென்றே அப்படி ஒன்றை வையுங்கள். அச்சில் பயனில்லாத ஒரு கோடு, நிரலில் ஒருபோதும் ஓடாத நாலு வரி. நகல் எடுப்பவன் அதையும் சேர்த்து எடுப்பான்.

படி 2: திருட்டு வேறு, உளவு வேறு

போட்டியாளர் உங்கள் பொருளைக் கடையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் குற்றமில்லை. வேலைக்காரன் டிராயிங்கைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றால் அது திருட்டு. வேற்று நாட்டு அரசுக்காகவோ அதன் கைக்குள் இருக்கும் நிறுவனத்துக்காகவோ விற்றால்தான் பொருளாதார உளவு.

அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் பொருளாதார உளவுச் சட்டம் இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்தது. சாதாரணத் திருட்டுக்குப் பத்தாண்டு வரை சிறை. வெளிநாட்டு அரசின் நலனுக்காகச் செய்தால் பதினைந்தாண்டு வரை. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டம், வேற்று அரசுக்காக வணிக ரகசியம் எடுப்பதற்குப் பதினான்கு ஆண்டு வரை வைத்திருக்கிறது.

நாம் கேட்கும் சட்டத்திலும் இந்தப் பிரிவினை வேண்டும். இல்லாவிட்டால் பட்டறைக்காரனும் பட்டறைக்காரனும் போடுகிற சண்டையெல்லாம் தேசத் துரோக வழக்காகிவிடும்.

படி 3: நம் பெட்டியில் இப்போது என்ன இருக்கிறது

மனு எழுதும்போது "சட்டமே இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். டெல்லியில் படிக்கிற அதிகாரி அந்த வரியிலேயே தாளை மூடிவிடுவார். இருப்பதைச் சொல்லி, ஓட்டை எங்கே என்று காட்ட வேண்டும்.

வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது என்பது உண்மை. ஒப்பந்த மீறல், நம்பிக்கை மீறல் என்ற வழியில்தான் நீதிமன்றங்கள் நிவாரணம் கொடுத்து வந்திருக்கின்றன. 1987இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கால்நடைத் தீவனம் வளர்க்கும் இயந்திரத்தின் வரைபடங்களை நம்பிக் கொடுத்தவர், வாங்கியவர் அதை வைத்துத் தனியே தயாரிக்கக் கூடாது என்று தடையாணை பெற்றார். 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் கொடுத்த 289ஆவது அறிக்கை இதைப் பற்றியதுதான். வணிக ரகசியப் பாதுகாப்புக்கு ஒரு வரைவு மசோதாவையே அது சேர்த்துக் கொடுத்தது. பொருளாதார உளவுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டும் என்று ஒதுக்கி வைத்தது. நம் மனு உட்கார வேண்டிய நாற்காலி அதுதான்.

தடை விதிக்கும் அதிகாரம்? 1947ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் சபை சொன்ன தடையை நடைமுறைப்படுத்தத்தான் அதில் அதிகாரம். நாமாக ஒரு நிறுவனத்தைப் பட்டியலிட முடியாது. வெளிநாட்டு வணிகச் சட்டம் 1992 இறக்குமதியை நிறுத்தலாம். 2020 ஏப்ரல் 17ஆம் தேதி அறிவிப்பில், நம்மோடு நில எல்லை உள்ள நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, அந்நாட்டு நிறுவனங்கள் அரசு டெண்டரில் கலந்துகொள்ளப் பதிவு கட்டாயமானது. ஜூன் 29இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 69ஏ மூலம் 59 செயலிகள் முடக்கப்பட்டன. இவை எல்லாம் துண்டு துண்டான தடைகள்தான். ஆனால் எல்லாமே ஒரு நாட்டையோ ஒரு வகைப் பொருளையோ குறிவைப்பவை. "நீ திருடினாய், ஆகவே உனக்கு" என்று ஒரு நிறுவனத்தை விரல் நீட்டிச் சொல்கிற பிரிவு இவற்றில் இல்லை.

யாரும் கவனிக்காத ஓட்டை ஒன்று. சுங்கச் சட்டம் 1962, பிரிவு 11, எந்தெந்தக் காரணத்துக்காக இறக்குமதியைத் தடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. காப்புரிமை, வணிகச் சின்னம், பதிப்புரிமை, வடிவமைப்பு, புவிசார் குறியீடு எல்லாம் அதில் உண்டு. வணிக ரகசியம் இல்லை. அண்ணாச்சியின் அட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக இறங்கினாலும் சுங்க அதிகாரி எந்தச் சொல்லைப் பிடித்து நிறுத்துவார்? இரண்டே சொல் சேர்த்தால் போதும். என்னைக் கேட்டால், பெரிய தடைச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இதை முதலில் கேட்க வேண்டும். அமெரிக்கா 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 337ஆம் பிரிவை இதற்குத்தான் பயன்படுத்துகிறது. சீனாவில் திருடப்பட்ட ரகசியத்தால் சீனாவிலேயே செய்யப்பட்ட ரயில் சக்கரங்களைக்கூட அதன் கீழ் நிறுத்தலாம் என்று அங்கே 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

படி 4: யாரை அடிப்பது?

இதுதான் இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு. மற்றப் படிகளை வேகமாகப் படித்தாலும் இதை நின்று படியுங்கள்.

நமக்குப் பழக்கமான காற்றாலையிலிருந்தே ஒரு வழக்கு. அமெரிக்காவின் ஏஎம்எஸ்சி நிறுவனம் காற்றாலைகளை இயக்கும் மென்பொருளையும் மின் உறுப்புகளையும் சீனாவின் சினோவெல் நிறுவனத்துக்கு விற்று வந்தது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு அந்த ஒரே வாடிக்கையாளரிடமிருந்துதான். 2011இல் சினோவெல் திடீரென்று சரக்கெடுப்பதை நிறுத்தியது. ஆஸ்திரியாவில் இருந்த ஏஎம்எஸ்சி ஊழியர் ஒருவரைப் பணம் கொடுத்து வளைத்து, மூல நிரலையே எடுத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. நிரலைக் கொடுத்த ஊழியர் ஆஸ்திரியாவில் அந்த ஆண்டே சிறைக்குப் போனார். வாங்கிய நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது எப்போது தெரியுமா? 2018 ஜனவரியில். அபராதம் 15 லட்சம் டாலர். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 5 கோடியே 75 லட்சம் டாலர். ஏஎம்எஸ்சி இழந்ததோ பங்கு மதிப்பில் நூறு கோடி டாலருக்கு மேல், கிட்டத்தட்ட 700 வேலைகள். திருட்டு லாபமான வியாபாரமாகவே முடிந்தது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு வழக்கு. அமெரிக்க மெமரி சிப் நிறுவனமான மைக்ரானின் ரகசியங்கள் தைவானின் யுஎம்சி வழியாகச் சீன அரசுப் பணத்தில் வளர்ந்த ஃபூஜியான் ஜின்ஹுவாவுக்குப் போனதாகப் புகார். 2018 அக்டோபர் இறுதியில் அமெரிக்க வணிகத்துறை ஜின்ஹுவாவை ஏற்றுமதித் தடைப் பட்டியலில் (அனுமதியில்லாமல் அமெரிக்கப் பொருள் விற்கக் கூடாத நிறுவனங்களின் பட்டியல்) போட்டது. குற்றப்பத்திரிகை வெளியானதே அதற்குப் பிறகு, நவம்பர் 1ஆம் தேதிதான். இயந்திரம் கொடுத்தவர்கள் தங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலை கட்டி நின்றது, சிப் வரவில்லை. நீதிமன்றம் ஏழாண்டு எடுத்துச் செய்ததைவிடப் பெரிய அடியைப் பட்டியலில் ஏறிய ஒரு பெயர் சில வாரத்தில் கொடுத்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் புரியும். நிரலை விற்ற ஊழியர் கை மட்டும்தான். அந்தக் கைக்கு ஓராண்டு சிறை கொடுத்தால் நாளைக்கு வேறொரு கை வாடகைக்குக் கிடைக்கும். திருட்டால் யாருக்குச் சந்தை கிடைத்ததோ அவரைத் தொட வேண்டும். ஆகவே சட்ட வரைவில் "திருடியவர்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "தெரிந்தே பலனடைந்தவர்" என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

அமெரிக்கா 2023 ஜனவரி 5ஆம் தேதி கையெழுத்திட்ட அறிவுசார் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ரகசியத் திருட்டில் தெரிந்தே ஈடுபட்டவர், அதனால் பலனடைந்தவர், அதற்குப் பணமோ பொருளோ தொழில்நுட்பமோ கொடுத்து உதவியவர், அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, இயக்குநர் என்று வரிசையாக இழுக்கிறது. எல்லாத் திருட்டுக்கும் இது பொருந்தாது. நாட்டின் பாதுகாப்புக்கோ பொருளாதார நலத்துக்கோ பெரிய ஆபத்து வர வாய்ப்பிருக்க வேண்டும். அண்ணாச்சியின் அட்டை அந்த அளவுக்கு வராது, அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் கங்கைகொண்டானில் செய்யும் சூரிய மின்கலத்தின் செய்முறையோ, குலசேகரன்பட்டினத்திலிருந்து பறக்கப் போகும் ராக்கெட்டுக்கு உறுப்பு செய்து கொடுக்கும் சிறு நிறுவனத்தின் டிராயிங்கோ வரலாம்.

படி 5: எந்தத் தடை?

அதே அமெரிக்கச் சட்டம் பன்னிரண்டு வகைத் தடைகளை அடுக்கி, குற்றம் செய்த நிறுவனத்துக்கு அவற்றில் குறைந்தது ஐந்தைப் போட்டே ஆக வேண்டும் என்கிறது. சொத்து முடக்கம், ஏற்றுமதித் தடைப் பட்டியல், வங்கிக் கடன் மறுப்பு, அரசுக் கொள்முதலில் விலக்கு, பங்கு முதலீட்டுத் தடை, அதிகாரிகளுக்கு விசா மறுப்பு என்று போகிறது. தனிநபர் என்றால் சொத்து முடக்கமும் விசா மறுப்பும்.

இதை அப்படியே நகலெடுத்து மனுவில் போடாதீர்கள். அமெரிக்காவிடம் டாலர் இருக்கிறது. உலகத்தில் எந்த வங்கியும் அதைப் பார்த்துப் பயப்படும். ரூபாய்க்கு அந்தப் பயம் இல்லை. நம் கையில் இருப்பது சந்தை. காற்றாலை, சூரியத் தகடு, மின் வாகனம், போன் எல்லாவற்றையும் இங்கே விற்கத்தான் வருகிறார்கள். ஆகவே அவர்களுக்கு உறைக்கும்படி நாம் போடக்கூடிய தடைகள் மூன்று: அரசு மற்றும் பொதுத்துறை டெண்டரில் விலக்கு, அந்த நிறுவனத்தின் பொருளுக்கு இறக்குமதித் தடை, இங்கே முதலீடு செய்யத் தடை. நிர்வாகிகளுக்கு விசா மறுப்பையும் சேர்க்கலாம், செலவில்லாத தடை.

ஓட்டையை அடைப்பது எப்படி என்று கோவில்பட்டித் தீப்பெட்டிக்காரர்களிடம் கேளுங்கள். பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டித் தொழிலை நசுக்கியபோது, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. முழு லைட்டர் நின்றது. உதிரி உதிரியாகப் பாகங்கள் வந்தன, இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. இது உளவு விவகாரம் இல்லை; ஆனால் தடைச் சட்டம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. முதல் வரைவிலேயே பாகம், துணை நிறுவனம், பெயர் மாற்றிய நிறுவனம், மூன்றாம் நாட்டு வழி நாலையும் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதினாறு மாதம் தாமதமாக எழுத வேண்டிவரும்.

முடக்கிய பணம் யாருக்குப் போகும் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான தடைச் சட்டங்களில் அது பாதிக்கப்பட்டவருக்கு வராது, சும்மா கிடக்கும். ஈட்டுத் தொகைக்கு அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

படி 6: யார் செய்தது என்று நிறுவுவது

2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் ஒரு கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்தது. செப்டம்பர் 4ஆம் தேதி, இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு தகவல் சொன்னது. அக்டோபர் இறுதியில் செய்தி வெளியானபோது நிலையத்தின் தரப்பில் முதலில் மறுப்பு வந்தது. மறுநாளே, 30ஆம் தேதி, அணுமின் கழகம் உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருப்பதால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்தத் தீநிரலை வடகொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுவோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். அதே செப்டம்பர் 13ஆம் தேதி அமெரிக்க நிதித்துறை, வேறு காரணங்களுக்காக, லாசரஸ் மீது தடை போட்டிருந்தது.

ராதாபுரம் தாலுகாவில் ஒரு கணினியில் நடந்ததற்குப் பெயர் சொல்லிக் கை நீட்டுவது எவ்வளவு கடினம் பாருங்கள். ஒரு ஆய்வாளர் "இது அவர்கள் பாணி" என்று சொல்வது வேறு. அரசு தன் முத்திரையோடு சொல்வது வேறு. தடைச் சட்டத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இணையத் தாக்குதல் தடை முறையை 2019 மே மாதம் கொண்டுவந்தது. 2020 ஜூலை 30இல்தான் முதல் பட்டியல் வந்தது: ஆறு பேர், மூன்று அமைப்புகள். எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு தாக்குதல், பெரிய நிறுவனங்களை நேரே தொடாமல் அவற்றுக்குக் கணினிச் சேவை செய்யும் நிறுவனங்களின் வழியாக உள்ளே போனது. தென்காசியிலும் கங்கைகொண்டானிலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

அரசு கை நீட்ட வேண்டுமானால் சான்று உங்களிடமிருந்துதான் போக வேண்டும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் விதித்தபடி, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சந்தேகப்படும் லேப்டாப்பை உடனே ஃபார்மட் செய்யும் பழக்கத்தை விடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று சாட்சியைக் கழுவிவிடுவதுதான் இந்த வட்டாரத்தில் நான் அதிகம் பார்க்கிற தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) வர வேண்டும். வட்டை அப்படியே நகலெடுத்து, எண்ணைக் குறித்து, இரண்டு சாட்சி முன்னால் உறையிட்டு வையுங்கள். அண்ணாச்சி செய்த ஒரே நல்ல காரியம், பார்வையாளர் நோட்டில் அந்த நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தது.

படி 7: தவறான ஆளைப் பட்டியலிட்டால்?

மறுபடியும் மகேந்திரகிரி எஞ்சினுக்கு வர வேண்டும். அந்தக் கிரையோஜெனிக் திட்டத்தை நடத்திய, நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன், அதன் ரகசியங்களை விற்றார் என்று 1994இல் கைதானார். 1996இல் சிபிஐ அது பொய் வழக்கு என்று சொன்னது. 2018 செப்டம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இருபத்து நாலு வருடம்.

நான் நாலாம் படியில் பெருமையாகச் சொன்ன ஜின்ஹுவா வழக்குக்கும் ஒரு பின்கதை உண்டு. யுஎம்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 கோடி டாலர் கட்டியது. ஆனால் ஜின்ஹுவாவை 2024 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. தடை விழுந்தது 2018இல். வேகமாக அடிக்கிற ஆயுதம் தவறாகவும் வேகமாகவே அடிக்கும். நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் சீன உளவைத் தேடுகிறோம் என்று 2018 நவம்பரில் தொடங்கிய அமெரிக்க நீதித்துறைத் திட்டம், ஒரு இனத்தையே சந்தேகப்படுகிறது என்ற கண்டனத்தோடு 2022 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

இதனால் தடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரைவில் நாலு விஷயம் இல்லாவிட்டால் நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன். பட்டியலிட்டவுடன் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுப்புச் சொல்லக் காலக்கெடு வேண்டும். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு வேண்டும். சட்டத்துக்கே ஒரு முடிவுத் தேதி வேண்டும். அமெரிக்கச் சட்டம் ஏழு ஆண்டில் காலாவதியாகும்படி எழுதப்பட்டிருக்கிறது, மறுபடி வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் வந்து கேட்கட்டும். தங்கள் நிறுவனத்தின் முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியரும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதும் பேராசிரியரும் இதில் மாட்டக் கூடாது.

படி 8: பதிலடிக்குத் தயாராக இருப்பது

அடிப்பவன் அடி வாங்கவும் தயாராக வேண்டும். சீனா 2021 ஜூன் 10ஆம் தேதி வெளிநாட்டுத் தடைகளை எதிர்க்கும் சட்டமே போட்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று சொன்னபோது நம் வாகனத் தொழிற்சாலைகள் திண்டாடின. மின் வாகனமானாலும் காற்றாலை மின்னாக்கியானாலும் அந்தக் காந்தம் வேண்டியிருக்கிறது. ஆகவே தடை விதிக்கும் முன் எந்தெந்தத் தொழில் பாதிக்கும் என்ற கணக்கு அரசின் மேசையில் இருக்க வேண்டும் என்று மனுவில் கேளுங்கள்.

உறையை விட்டு எடுக்காத கத்திக்கும் மதிப்பு உண்டு. அமெரிக்கா 2014 மே மாதம் சீன ராணுவ அதிகாரிகள் ஐந்து பேர் மீது, நிறுவனங்களின் கணினிகளில் புகுந்து ரகசியம் திருடினார்கள் என்று வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு சூரியத் தகடு நிறுவனமும் உண்டு. 2015 ஏப்ரல் 1இல் இணையத் திருட்டுக்குத் தடை விதிக்கும் ஆணை வந்தது. ஆகஸ்டில், சீன நிறுவனங்கள் மீது அதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்ற செய்தி பரவியது. செப்டம்பர் 25ஆம் தேதி, வணிக லாபத்துக்காக இணையவழி ரகசியத் திருட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அமெரிக்க, சீன அதிபர்கள் இருவரும் அறிவித்தார்கள். ஒரு தடையும் விழாமலே வந்த பலன் அது. நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 2018 டிசம்பரில் அமெரிக்கா மறுபடி குற்றப்பத்திரிகை போட வேண்டியிருந்தது.

படி 9: மனுவை எங்கே, எப்படிக் கொடுப்பது

தனிநபர் மசோதாவை (அமைச்சராக இல்லாத ஒரு எம்பி கொண்டுவருவது) நம்பி உட்கார வேண்டாம். நாடாளுமன்றத்தில் அப்படி ஒன்று சட்டமாகிக் கடைசியாக நிறைவேறியது 1970இல். ஆனால் ஒரு எம்பி அதைக் கொண்டுவந்தால் விவாதம் பதிவாகும், அமைச்சர் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த அளவுக்கு உபயோகம்.

அறிவுசார் சொத்து விவகாரம் வணிக அமைச்சகத்தின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. சுங்கச் சட்டத் திருத்தம் நிதி அமைச்சகம். தடைப் பட்டியல் என்றால் வெளியுறவும் உள்துறையும் வரும். நாலு பேருக்கும் ஒரே மனுவை அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று வைத்துவிடுவார்கள். தலைக்கு ஒரு கோரிக்கையாகப் பிரித்து எழுதுங்கள். 2014ஆம் ஆண்டு முன்சட்ட ஆலோசனைக் கொள்கைப்படி வரைவு மசோதாவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். அந்த நாட்களில் கொடுக்கும் இரண்டு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, மற்ற நாளில் கொடுக்கும் இருபது பக்கத்துக்கு இல்லை. மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் அங்கேயும் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும்.

இரண்டு பக்கத்தில் முதல் பக்கம் என்ன நடந்தது என்பது: தேதி, இழந்த ஆர்டர், போன வேலைகள், கையில் இருக்கும் சான்று. இரண்டாம் பக்கம் என்ன வேண்டும் என்பது, பிரிவு எண்ணோடு. சங்கத்தின் முத்திரை இருக்கட்டும். உங்கள் ரகசியத்தையே விளக்கி மனுவில் எழுதிவிடாதீர்கள், அது பொது ஆவணமாகலாம். சிரிக்காதீர்கள், அண்ணாச்சி முதலில் எழுதிக்கொண்டு வந்த வரைவில் அட்டையின் முழு டிராயிங்கும் இணைப்பு ஒன்றாக இருந்தது. அதை உருவிக் கொடுத்துவிட்டு, துளை இருக்கும் மூலையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன், இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி, ஒரு ஸ்கேலை வைத்து.